போடக்கூடாத இடம்

அன்று கோயில் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்.

ஊர்த் தலைவர் நாகலிங்கம். அவரை முதலடி என்போம். அவருக்கு இடப்பக்கம் கமிட்டிக்காரர்கள் நான்கு பேர். பூசாரி. தூணில் சாய்ந்து, மாவுக்கட்டுப் போட்ட வலது காலை நீட்டிக்கொண்டு தங்கப்பன் கொத்தனார். அவர் பக்கத்தில் அவர் மனைவி கனகம். எதிரே, விரித்திருந்த பாயில் உட்காராமல் வெறுந்தரையில் வில்லுப்பாட்டுக்காரி சுயம்புக்கனி. அவளுக்குப் பின்னால் குடம் அடிக்கும் அவள் தம்பி. எங்கள் கடை முதலாளி வைகுண்டமணி அண்ணாச்சி. கடைசியாக நான்.

அம்மன் நடை திறந்திருந்தது. அவளையும் ஆளாகச் சேர்க்க வேண்டும் என்று முதலடி சொன்னார். நான் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவள். ஆனாலும் அவர் சொன்னதால் சேர்த்து எழுதுகிறேன்.

பேச வேண்டியது ஒரே விஷயம். வைகாசியில் அந்தக் கோயிலில் கொடை, அம்மனுக்கு ஆண்டுத் திருவிழா. அதில் சுயம்புக்கனி பாடலாமா, கூடாதா. அவள் தாய் அந்த நடையில் பாடியவள். தாய்க்குக் குரல் போன பிறகு பதினான்கு ஆண்டாக இவள். சொந்த ஊர் அம்மனே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மற்ற ஊர்க்காரர்கள் காரணம் கேட்பார்கள். காரணம் தெரிந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கு வேறு வேலை தெரியாது.

காரணம் அவள் இல்லை. நான்.

என் பெயர் லில்லிபாய். கலைஞர்களுக்கும் கலைக்குழுக்களுக்கும் இணையத்தில் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. போன ஆண்டு கண் சரியில்லாமல் நின்றுகொண்டேன். இப்போது கடையில் இரண்டு பெண்கள் அதைப் பார்க்கிறார்கள். போன மாதம் எட்டிப் பார்க்கப் போனேன். அதில் மூத்தவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

"அக்கா, நீங்க ஒரு நாளு பூரா ஹெட்போன மாட்டிக்கிட்டு இருப்பியளாமே. இப்ப நீளமா ஒரு வீடியோவைப் போட்டா மதி. நல்ல எடத்தை அதுவே வெட்டித் தந்திரும். டீ குடிச்சிட்டு வாறதுக்குள்ள வேலை தீந்துது."

ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் பதிவைப் போட்டிருந்தாள். மெஷின் வெட்டி வைத்திருந்த துண்டை ஓட்டினாள். இரண்டு வரி கேட்டேன். அணைக்கச் சொன்னேன்.

"ஏன்க்கா? இதாக்கும் இருக்கதுலயே நல்ல எடம்."

"அதாக்கும் நானும் நெனச்சேன்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். எழுதித் தாருங்கள், கடையில் மாட்டி வைக்கிறோம் என்றார்கள். மாட்டுகிற அளவுக்குச் சின்னதாக வரவில்லை.

நான் பத்தாம் வகுப்பில் தோற்றவள். தட்டச்சு கீழ்நிலை மட்டும் தேறினேன். வடசேரியில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். அச்சகம் மூடியதும் வைகுண்டமணி அண்ணாச்சியின் பிளக்ஸ் கடையில் சேர்ந்தேன். கொடைக்கும் கல்யாணத்துக்கும் பிளக்ஸ் அடிக்க வந்த பாட்டுக்காரர்கள், மேளக்காரர்கள், சிலம்பப் பள்ளிக்காரர்கள், "இதையே நெட்டுலயும் போட்டுத் தாங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் சும்மா போட்டுக் கொடுத்தோம். நாலைந்து ஆண்டில் அதுவே என் வேலையாகிவிட்டது. கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான்.

அண்ணாச்சி சத்தமாகப் பேச மாட்டார். நெற்றியில் வெள்ளை நாமம். ஞாயிற்றுக்கிழமை ஐயாவழிப் பதிக்குப் போவார். மற்ற நாளெல்லாம் கடை. கண்ணாடியைக் கழற்றி பனியன் நுனியில் துடைத்துக்கொண்டே ஆளைப் பார்ப்பார். வருகிறவர் பெரியவர், சின்னவர் யாரானாலும் அவருக்கு "மக்கா"தான். என்னையும் அப்படித்தான். "நீங்க" என்று சொன்னார் என்றால் கோபம் வந்துவிட்டது என்று பொருள். பதினெட்டு ஆண்டில் என்னை இரண்டு தடவை நீங்க என்றிருக்கிறார்.

யார் வந்தாலும் கம்ப்யூட்டரைத் திறக்க விட மாட்டார். உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். பிழையாகப் போன பத்திரிகையின் பின்பக்கத்தில் நான் எழுத வேண்டும்.

"ஒன்ன ஆரு தேடுவா? எந்தப் பேரைச் சொல்லித் தேடுவா? கண்டுபிடிச்ச பெறவு எந்த நம்பருக்கு விளிப்பா?"

எளிதான கேள்விகள் மாதிரி இருக்கும். பதில் வர அரை நாள் ஆகும். ஒரு நையாண்டி மேளக்காரர் வந்தார். பள்ளிச் சான்றிதழில் செல்வராஜன். பிளக்ஸில் கலைச்சுடர் செல்வராஜன். ஊரில் குட்டி. குட்டி மேளம் என்று கேட்டால்தான் பஸ்காரனுக்கே தெரியும். இணையப் பக்கத்தில் குட்டி என்று போடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"கலைச்சுடர்னு ஒருத்தனும் தேட மாட்டான் மக்கா" என்றார் அண்ணாச்சி. "ஒனக்க பொண்டாட்டியே தேட மாட்டா."

கடைசியில் பெரிய எழுத்தில் செல்வராஜன், கீழே குட்டி மேளம் என்று போட்டோம். பிறகு ஊர்ப் பெயர். அவர் ஊர் ஈத்தாமொழி. ழவுக்கு ஒருத்தன் இசட் எச் அடிப்பான். ஒருத்தன் எல் அடிப்பான். கல்ஃபில் இருக்கிறவன் அவசரத்தில் எதையாவது அடிப்பான். ஐந்து விதமாக எழுதிப் பார்த்து ஐந்தையும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் சேர்த்தேன். எப்படித் தேடினாலும் அவர் வந்து நிற்க வேண்டும்.

கைப்பேசி எண்ணும் அப்படித்தான். கொடைக்குப் பாடிவிட்டு வருகிறவர் பகலெல்லாம் தூங்குவார். அவர் எண்ணைப் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரி எண்ணைப் போடுவோம். நாட்காட்டியில் எந்த நாள் காலி என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

ஆரம்பத்தில் ஒரு களரி ஆசானுக்குப் பக்கம் செய்தேன். படத்தை முட்டை வடிவத்தில் வெட்டி, கறுப்புக் கரை கொடுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தேன். அழகாக இருந்தது. மறுநாள் காலை மாலையோடு மூன்று பேர் ஆசான் வீட்டு வாசலில். ஆசான் முற்றத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, ஆரு செத்தா?"

"நீங்கதானாக்கும் ஆசானே."

அவர் அந்த மாலையையும் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். "லில்லி, பதினாறு என்னைக்குன்னும் போட்டிரு. சோறு திங்க நானும் வாறேன்." அண்ணாச்சி அன்றுதான் என்னை முதல் தடவை நீங்க என்றார். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிற யாருக்கும் நான் கரை போட்டதில்லை. கரை போட்டதை எடுத்துவிடலாம். அது சின்னப் பிழை.

சுயம்புக்கனி ஒரு தை மாதம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை வளையல், வெற்றிலை போட்ட வாய். குரல் பேசும்போதே மேலே நிற்கும். இரண்டு கோயில்கள் கைவிட்டுப் போய்விட்டன என்றாள். வேறு குழுவுக்குப் பக்கம் இருக்கிறதாம். கமிட்டியில் இருக்கிற படித்த பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்கிறார்களாம்.

"எனக்க பாட்டை பத்து வருசமா கேட்டவன் செத்துப்போனான் அக்கா. அவனுக்க மவன் போன்ல தேடுகான். நான் அங்க இல்ல."

மூன்று கேள்வியும் கேட்டோம். பெயர், எழுத்து, எண், படம் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பாடுவதைக் காட்ட ஒரு துண்டு வேண்டும். முந்தைய ஆண்டு அவள் ஊர் மத்தியானக் கொடையில் எடுத்த பதிவு இருந்தது. மூன்று மணி நேரம். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டச் சொன்னார் அண்ணாச்சி.

ஒரு நாள் முழுக்கக் கேட்டேன். கதை எனக்குப் பாதி புரிந்தது. சபைப் பாடகர் குழுவில் பாடியவள் நான். குரல் எங்கே ஏறுகிறது என்று காதுக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் கடந்து ஓர் இடம். கதை நிற்கிறது. உடுக்கை இரட்டிக்கிறது. வில்லில் கட்டிய மணிகள் விடாமல் அதிர்கின்றன. அவள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. கூட்டம் எழுகிறது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் நடுங்கிக்கொண்டு எழுந்து நிற்கிறார். அந்த அடி தொடங்கியதிலிருந்து அவர் எழுந்து நின்றது வரை வெட்டினேன். நான்கு நிமிடம் பதினொரு வினாடி.

போடுவதற்கு முன் கலைஞருக்குக் காட்ட வேண்டும். அது கடை முறை. போனில் கூப்பிட்டேன். அவள் முட்டம் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்தில் இருந்தாள்.

"நீங்க பாத்துப் போடுங்க அக்கா. ஒங்களுக்குத் தெரியாததா?"

போட்டேன்.

இரண்டு வாரத்தில் பதினொரு கோயில்களிலிருந்து கூப்பிட்டார்கள். ரசகதலிக் குலை ஒன்று கொண்டுவந்து கடையில் வைத்தாள். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வெட்டு நல்லாருக்கு மக்கா" என்றார். அவர் பாராட்டி நான் கேட்டது குறைவு.

மாசி கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குச் சுயம்புக்கனியின் தம்பி கடைக்குள் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"தங்கப்பன் அண்ணன் சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு."

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. வீடியோவில் நடுங்கி எழுந்தவர் என்றான். அந்தக் கோயிலின் கோமரத்தாடி அவர்தான். அம்மன் இறங்குவது அவர் மேல். பிழைப்புக்குக் கொத்தனார் வேலை. ஒன்றரை ஆள் உயரத்தில் பலகை மேல் நின்று பூசிக்கொண்டிருந்தாராம். கீழே கலவை குழைத்த சித்தாள் ஒருத்தி கைப்பேசியில் எதையோ ஓட்டினாளாம். சுயம்புக்கனி குரல். அந்த இடம். மேலே கரண்டி விழுந்த சத்தம் கேட்டதாம். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கை நடுங்கியதாம். பிறகு விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"லில்லிபாய், நீங்க எந்த எடத்துல வெட்டினீங்க?"

ஓட்டிக் காட்டினேன். அதில் என்ன பிழை என்று அவருக்கும் தெரியவில்லை. ஐயாவழிக்காரர், கொடைக்குப் போகாதவர். கடையில் இருந்த இரண்டு பேருமே வெளி ஆட்கள்.

சாயங்காலம் சுயம்புக்கனி வந்துதான் சொன்னாள். அழவில்லை.

"அது பாட்டு இல்ல அக்கா. வரத்துன்னு சொல்லுவோம். அம்மையைக் கூப்பிடுகது. கதையை எங்க வேணும்னாலும் பாடலாம். வரத்தை நடையில மட்டுந்தான் பாடணும். வீட்டுல படிக்கும்போதுகூட அந்த எடம் வந்தா வாயைத் தொறக்க மாட்டோம். மனசுக்குள்ள சொல்லிட்டு அடுத்ததுக்குப் போவோம். எனக்க அம்மை எனக்கு அதைச் சொல்லித் தந்ததே அந்த நடையில வச்சுத்தான்."

"போட்ட பெறவாவது நீ சொல்லியிருக்கலாமே."

"நான் பாக்கல அக்கா. எனக்குப் பட்டன் போனுதான். நீங்க கதையைத்தான் போட்டிருப்பியன்னு நெனச்சேன். வரத்தைப் போடக் கூடாதுன்னு தெரியாத ஆளு உண்டா?"

உண்டு. நான்.

பக்கத்திலிருந்து அன்றே எடுத்துவிட்டேன். ஆனால் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊர்க் கூட்டம். இருந்தவர்களை முதலில் எழுதியிருக்கிறேன். சபைக்குப் போகாமல் போனேன்.

யாரும் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். வெட்டியது நான், போட்டது நான், அவள் பார்க்கவில்லை. முதலடி என்னைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தன எடத்துல கெடக்கு அது?"

"எங்க பக்கத்துல இல்ல. எடுத்தாச்சு" என்றார் அண்ணாச்சி.

"ஒங்க பக்கத்தைக் கேக்கல. எத்தன எடத்துல?"

"தெரியாது" என்றேன் நான்.

கமிட்டிக்காரர்களில் ஒருவர் சிரித்தார். "கோழியைத் தொறந்து விட்டவளுக்கு எத்தனன்னு எண்ணத் தெரியாதாம்."

"எனக்க கொழுந்தன் போன்ல கெடக்கு" என்றார் இன்னொருவர். "பஸ்ஸுல கேக்கு. சுசீந்திரத்துல ஒரு டீக்கடையில வச்சிருக்கான். அம்மை எங்கயெல்லாம் போவா? டீக்கடைக்குப் போவாளா?"

சுயம்புக்கனி தலை நிமிரவில்லை. கனகம் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஏட்டி, ஒனக்கு பதினொரு கோயிலு கெடச்சுதாமே. எனக்கு ஒரு ஆளுதான் உண்டு."



முதலடி முடிவு சொன்னார். கொடைக்கு எட்டு நாள் முன்பு கால்நாட்டு. பந்தலுக்கு முதல் காலை நடும் நாள். அன்றைக்குள் அந்தத் துண்டு ஓர் இடத்திலும் இருக்கக் கூடாது. இருந்தால் வில் வேறு ஆளுக்கு. இரண்டரை மாதம் இருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வரிக்கு ஓர் இடம். முதலில் தேடிப் பிடித்தேன். அவள் பெயரையும் ஊரையும் எத்தனை விதமாக எழுதலாம் என்று நானே அடியில் சேர்த்து வைத்திருந்தேனே, அத்தனையையும் அடித்தேன். ஆள் தேடி வர வைத்த எழுத்துகள் இப்போது எனக்கே வழி காட்டின. பக்கங்கள் நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். சிலர் உடனே எடுத்தார்கள். சிலருக்குப் போன் செய்தேன். கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடும் ஒருவன் அதன் அடியில் டிரம் சேர்த்து வைத்திருந்தான். "அக்கா, ஆட்டம்னா ஆட்டம்" என்றான். தங்கப்பன் காலைப் பற்றிச் சொன்னேன். எடுத்துவிட்டேன் என்றான். பார்த்தேன். எடுத்திருந்தான். வரியின் மேல் கோடு போட்டேன்.

கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பியதுதான் கஷ்டம். அதைத் தேட வழி இல்லை. ஓர் ஆளைப் பிடித்து, யார் உனக்கு அனுப்பினார், நீ யாருக்கு அனுப்பினாய் என்று கேட்க வேண்டும். கேட்டேன். டீக்கடைக்குப் போனேன். பஸ் டிரைவர்களைப் பார்த்தேன். சிலர் என் முன்னாலேயே அழித்தார்கள். ஒரு டிரைவர், "சபைக்காரியாக்கும் அம்மனுக்கு இவ்வளவு அலையது" என்றார். ஆமாம் என்றேன்.

எல்லாரையும் பிடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த இடங்கள் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழுக்குக் கோடு விழுந்தது.

ஐம்பத்தெட்டாவது மஸ்கட்டில் இருந்தான். அதே ஊர்க்காரன், பெயர் சுரேஷ். ஏசி வேலை. அவனே கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க எல்லாரையும் விளிச்சு அழிக்கச் சொல்லுகியளாமே."

"ஆமா மக்கா."

"என்னால ஒக்காது."

"ஏன்?"

"ஆறு கொடை போச்சு அக்கா. லீவு கெடைக்கல. செவ்வாக்கெழம குளிச்சிட்டு, காதுல மாட்டிக்கிட்டு, ஒரு தடவ கேப்பேன். வெளிய ஒரு ஆளுக்கும் கேக்காது. சுவரு பக்கம் திரும்பி இருந்தாக்கும் கேப்பேன்."

"ஆருக்காவது அனுப்பினியா?"

"இல்ல."

"அனுப்புவியா?"

"அம்மை மேல ஆணை. அனுப்ப மாட்டேன். ஆனா அழிக்கச் சொல்லாதீங்க."

மூன்று தடவை பேசினேன். சுயம்புக்கனி பிழைப்பைச் சொன்னேன். அவன் அழுதான். அழிக்கவில்லை.

கால்நாட்டு அன்று காலை நாங்கள் மூன்று பேரும் கோயிலுக்கு நடந்தோம். வயல் வரப்பில் சுயம்புக்கனி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தீந்துதுன்னு சொல்லிடுங்க. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் காதுக்குள்ள கெடக்கது ஆருக்குத் தெரியும்?"

அண்ணாச்சியைப் பார்த்தேன். "சொல்லப்போறது நீ மக்கா" என்றார்.

நான் பொய் சொல்லாதவள் இல்லை. சொல்லியிருக்கிறேன். ஆனால் நோட்டு கையில் இருந்தது. கடைசி வரியில் கோடு இல்லை. முதலடி நோட்டை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதும் உண்மை. அவர் வாங்கிப் பார்க்கவில்லை. கேட்க மட்டும் செய்தார்.

"தீந்துதா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு நிக்கி" என்றேன். யாரிடம், அவன் அதை எப்படிக் கேட்கிறான் என்றும் சொன்னேன்.

சுயம்புக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். கமிட்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதலடி கை காட்டி நிறுத்தினார். சொன்ன சொல் சொன்னதுதான், வில்லை வேறு ஆளுக்குச் சொல்லிவிடலாம் என்றார்.

தங்கப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மாவுக்கட்டு எடுத்துவிட்டிருந்தார்கள். கால் மெலிந்து கறுத்திருந்தது. கையில் ஊன்றுகோல். இன்னும் ஒரு மாதம் கோல் இல்லாமல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஆரு, தாசனுக்க மவனா?" என்றார். "சுவரு பக்கம் திரும்பி இருந்து கேக்கானா?"

"ஆமா" என்றேன்.

"அவன் கேக்கட்டும்."

"நீ எப்படி முடிவு பண்ணுக தங்கப்பா?" என்றார் முதலடி.

"விழுந்தவன் நானாக்கும். அம்மை தள்ளினாளா, நானா தவறினேனான்னு எனக்கே தெரியாது. பலகை ஈரமா கெடந்துது. அதை ஒருத்தரும் கேக்கல." கோலைத் தரையில் ஒரு தடவை தட்டினார். "மத்தியானக் கொடையில இவ பாடட்டும். நான் எழும்பினா அம்மைக்குச் சம்மதம். எழும்பலேன்னா இவளே வில்லை எறக்கி வச்சிட்டுப் போவட்டும்."

"காலு?" என்றாள் கனகம்.

"ஏட்டி, எனக்க காலா அன்னைக்கு எழும்பப் போவுது?"

கனகம் எழுந்து வெளியே போனாள். முதலடி வெகுநேரம் நடையைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

மத்தியானக் கொடைக்குக் காலையிலேயே கேமராவோடு போனேன். கதையைப் பதிவு செய்யலாம், வரத்தைக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பந்தல் வாசலில் பெரிய நார்ப்பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியை அணைத்து அதற்குள் போட்டுவிட்டு வந்தார்கள். பெட்டி நிரம்பி இன்னொன்று கொண்டுவந்தார்கள்.

தங்கப்பன் முன்வரிசையில் நாற்காலியில். புதுவேட்டி, கழுத்தில் மாலை. கோல் மடியில். கனகம் பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

சுயம்புக்கனி ஒன்றரை மணி நேரம் கதை பாடினாள். நன்றாகப் பாடினாள் என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்தில் அடி தவறியது. தம்பி குடத்தில் அடித்துச் சமாளித்தான். பிறகு கதை நின்றது. உடுக்கை இரட்டித்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

கேமராவை அணைத்தேன். அணைத்தது போதாது என்று தோன்றியது. பேட்டரியைக் கழற்றி, கமிட்டிக்காரர்கள் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

வரத்து தொடங்கியது. நேரில் அதை அன்றுதான் கேட்டேன். முந்தைய ஆண்டு நான்கு நிமிடத்தில் எழுந்தவர் எழவில்லை. கோலைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவள் மறுபடி அடியை எடுத்தாள். ஒரு படி மேலே. மறுபடியும். அதற்கு மேல் குரலுக்குப் படி இல்லை. கீழே இறங்கி முதலிலிருந்து ஏறினாள். எனக்குப் பின்னால் ஒருவர், "வராதுப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அம்மன் இறங்கியவர் கையில் கொடுக்கும் கமுகம்பூவை, அந்தப் பாக்குமரப் பூக்குலையை வைத்துக்கொண்டு பூசாரி நின்றார். முதலடி நடையைப் பார்த்தபடியே இருந்தார். சுயம்புக்கனியின் குரல் கிழிந்தது. கிழிந்த குரலோடு பாடினாள். வில்லை அடிக்கும் வீசுகோல்களில் ஒன்று கையிலிருந்து தெறித்து விழுந்தது. மற்றதால் அடித்தாள். தம்பியின் கை குடத்தின் வாயில் சிவந்திருந்தது. பேட்டரி என் கையில் வியர்வையில் நனைந்தது.

நான் யாரிடம் வேண்டினேன் என்று எழுதப் போவதில்லை.

தங்கப்பனின் மடியிலிருந்து கோல் உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. கனகம் நாற்காலியை விட்டுக் கையை எடுத்தாள். முதலில் இடது கால் தரையில் ஊன்றியது. பிறகு வலது. அவர் எழுந்தார். மற்ற ஆண்டுகளைப் போலத் துள்ளவில்லை. நின்ற இடத்தில் நின்று நடுங்கினார். பிறகு நடையைப் பார்த்து மூன்று அடி வைத்தார். பூசாரி கமுகம்பூவைக் கொடுத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். கனகம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அந்தக் காலையே பார்த்தாள்.

கால் தாங்கியது. அதற்குப் பிறகு இன்றுவரை அவர் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறார். சுயம்புக்கனி இன்றும் அங்கேதான் பாடுகிறாள்.

மறுநாள் கடையில் கேள்வி எழுதும் தாளில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். எதைப் போடக் கூடாது. அண்ணாச்சி படித்துவிட்டு, "இதை முதல்ல போடு மக்கா" என்றார். முதல் கேள்வியாக்கினேன். வேலையை விட்டு நிற்கிற வரை நான் அதைக் கேட்காமல் ஒரு பக்கமும் செய்யவில்லை. மெஷின் அதைக் கேட்காது. நீங்கள் கேட்க வேண்டும்.

அன்றைய பதிவு சுயம்புக்கனி பக்கத்தில் இரண்டு பாகமாக இருக்கிறது. முதல் பாகம் உடுக்கை இரட்டிக்கும் முன் முடியும். இரண்டாம் பாகம் மஞ்சள்நீர் தெளிப்பதில் தொடங்கும். நடுவில் ஒன்றும் இல்லை. பேட்டரியைக் கழற்றியபோது பந்தல் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. அவர் எழுந்து நின்றபோது பார்த்தேன். பன்னிரண்டு நாற்பத்தொன்று.

பத்தொன்பது நிமிடம்.